யார் கையால் நீர் ஊற்றுவது

போன வாரம் தேவி போன் செய்தாள். என்னிடம் வேலை பழகிய பெண், இப்போது ஒரு சூரிய மின்சாரத் திட்டத்தில் பெரிய நாற்காலியில் இருக்கிறாள். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. பர்மா மொழியிலேயே பேசினாள், நடுவில் ஒரே ஒரு 'அத்தே' மட்டும் தமிழ். மேலே ஆட்கள் மறுபடி மாறுகிறார்களாம். பருவநிலைக்கென்று ஒன்றிய அரசு ஒதுக்கிய பணம் நடுவழியில் நிற்கிறதாம். முன்பு ஆட்சி கைமாறிய அந்த மாதங்களில் நீங்கள் எப்படிக் காப்பாற்றினீர்கள், சொல்லுங்கள் என்றாள்.

"பக்கத்துல யாரு இருக்கா?" என்றேன்.

"யாருமில்ல அத்தே."

யாருமில்லை என்று சொல்ல ஒரு நொடி யோசித்தாளே, அது எதற்கு? அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். இதெல்லாம் போனில் பேசுகிற விஷயமா? எழுதித் தருகிறேன், அதுவும் தமிழில். வேண்டுமென்றால் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். ரங்கூனில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோனதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

சந்தேகம் என் கூடப்பிறந்தது. அப்பா நகராட்சி மின்கம்பத்தில் ஏறுகிற தொழிலாளி. கீழே நிற்பவன் 'கரண்டு நிறுத்தியாச்சு' என்று கத்தினாலும், தானே ஒருமுறை சோதிக்காமல் கம்பியைத் தொடமாட்டார். அதனால்தான் கிழவராகிச் சாக முடிந்தது. வீட்டில் நான் பாக்கியம். ஆபீசில் டோ கின் மே. பர்மாப் பெயர் இல்லாமல் சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டால் மனு எங்கே போகும் என்று அப்பாவுக்குத் தெரியும். டைப்பிஸ்டாக நுழைந்தேன், கணக்குப் பிரிவில் தேய்ந்தேன், கடைசியில் கிராம மின்வசதிப் பிரிவில் சரிபார்ப்பு அதிகாரியாக உட்கார்ந்தேன். அதற்கு மேல் எங்களைப் போன்றவர்களை ஏற்ற மாட்டார்கள். ஏறவும் எனக்கு ஆசையில்லை. உயர உயரப் போனால் கீழே நிற்பவனை நம்ப வேண்டியிருக்கும்.

என் வேலை சின்ன வேலை, ஆனால் கழுத்துக்குக் கத்தி. தலைநகர் நேப்பிடோவில் பணம் ஒதுக்குவார்கள். டெண்டர் நடக்கும். பேனல், பேட்டரி, கம்பி எல்லாம் கப்பலில் வந்து ரங்கூன் துறைமுகத்துப் போட்டாதாங் கிடங்கில் இறங்கும். நேப்பிடோ விடுவிப்பு உத்தரவு அனுப்பினால் கிடங்குக் கதவு திறக்கும். பொருள் போய்ச் சேர்ந்து, பொருத்தி, விளக்கு எரிவதை நான் கண்ணால் பார்த்து, 'வந்தது, பொருத்தியது, எரிகிறது' என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது போனால்தான் கருவூலம் பணத்தை அவிழ்க்கும். இத்தனையும் மார்ச் மாதத்துக்குள், நிதியாண்டு முடிவதற்குள் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போன பணம் மறுபடி வந்ததை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் தேர்தல் முடிந்து ஒரு கூட்டம் தோற்றிருந்தது, இன்னொரு கூட்டம் ஜெயித்திருந்தது. தோற்றவர்கள் நாற்காலியை விட்டு இன்னும் எழவில்லை, ஜெயித்தவர்கள் இன்னும் உட்காரவில்லை. யார் மந்திரி என்பது கடைசிவரை ரகசியம். யார் எசமான் என்று தெரியாமல் எந்த அதிகாரி பேனாவைத் திறப்பான்? ஆட்சி மாறுகிறதென்றால் நேப்பிடோ அதிகாரிகளுக்கு ஞானம் பிறந்துவிடும். ஒருவர் தியான மடத்துக்குப் போனார், ஒருவர் கண் ஆபரேஷனுக்குப் போனார், மூன்றாமவர் இடுப்புவலி என்று படுத்தேவிட்டார். விடுவிப்பு உத்தரவு என்பது அந்த மூவரில் யாராவது போட வேண்டிய கையெழுத்து.

எங்கள் பட்டியலில் அந்த வருடம் மிச்சமிருந்தது ஒரே இடம், க்யிம்யிண்டைங் துறையிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்று சொல்வது மரியாதைக்கு. தகரக் கூரை, இரண்டு கட்டில், ஒரு மருத்துவச்சி. அவள் பெயர் மா நுவே. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நகரம் ஜொலிக்கும், அந்தப் பக்கம் மின்கம்பமே கிடையாது. சோதனைக்கு நான் போயிருந்தபோது அவள் டார்ச் லைட்டை எடுத்துக் காட்டினாள். பிளாஸ்டிக் டார்ச். பிடி முழுக்கப் பல்தடம்.

"ரெண்டு கையும் வேலையா இருக்கும் சயாமா. வேற எதால பிடிக்கிறது?" என்றாள், சிரித்துக்கொண்டே. மரியாதைக்குப் பெண் அதிகாரியைச் சயாமா என்பார்கள், ஆணைச் சயா.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் பிரசவித்த பெண் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறதென்று டார்ச் வெளிச்சத்தில் தெரியவில்லை. படகில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. இதைச் சொல்லும்போது மா நுவே சிரிக்கவில்லை. சுத்த மின்சாரம், கரிப்புகை, பருவநிலை என்று கோப்பில் என்னென்னவோ பெரிய வார்த்தைகள் எழுதியிருந்தோம். எனக்கு மட்டும் அந்தப் பல்தடம்தான் கண்ணில் நின்றது. பணம் திரும்பிப் போனால் அவள் வாயில் மறுபடி டார்ச்தான்.

இனி எங்கள் மேலதிகாரி ஊ சிட் கோவைப் பற்றி. துணை இயக்குநர். சன்னமான குரல், மடிப்புக் கலையாத லுங்கி. எதற்கும் 'ரபாடே' என்பார். பர்மா மொழியில் அதற்குப் பரவாயில்லை, ஆகட்டும், பார்க்கலாம் என்று எல்லா அர்த்தமும் உண்டு. முடியாது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. பார்க்க வந்தவருக்குத் தானே சீனத்தேநீர் ஊற்றித் தருவார், மாடிப்படி வரை நடந்துபோய் வழியனுப்புவார், காரியம் மட்டும் நடக்காது. உத்தரவெல்லாம் வாய்மொழிதான். காகிதத்தில் அவர் கையெழுத்து விழுவதும் வைகாசியில் பனி விழுவதும் ஒன்று. இருபது வருடமாக எந்த விசாரணையிலும் சிக்காத மனிதர். அப்படிப்பட்டவரை நான் எப்படி நம்புவேன்?

மார்ச் பாதி ஓடியபோது என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டார். வெளியே கேட்கக் கூடாதாம்.

"அக்கரை ஆஸ்பத்திரிய நெனச்சா தூக்கம் வரல, டோ கின் மே" என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"ஒரு வழி இருக்கு. பேனலை எல்லாம் அலூவாக் குடுத்துடலாம்."

அலூ என்றால் தானம். பர்மாக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரி இருக்கும் நிலம் பக்கத்துப் புத்த மடத்துக்குச் சொந்தம். மடத்துப் பெரிய பொங்கியார், அதாவது தலைமைப் பிக்கு, போட்டாதாங் கிடங்கு வாசலுக்கே வருவார். மேளத்தோடு ஊர்வலம். வண்டியில் ஏற்றி, க்யிம்யிண்டைங் துறையில் படகில் இறக்கி, அக்கரையில் நீர் ஊற்றித் தானம் கொடுத்துவிடுவது. உடனே பொருத்திவிடலாம், நான் சான்று போடலாம், கருவூலம் பணத்தை அவிழ்த்துவிடும். நீர் ஊற்றிக் கொடுத்ததை எந்த அரசாங்கம் வந்தாலும் கழற்றாது. கழற்றச் சொல்லி யார் ஆளனுப்புவார்கள்? எந்த ஆள்தான் போவான்?

யோசனை பிரமாதம். அதனால்தான் எனக்குச் சந்தேகம். "விடுவிப்பு உத்தரவு, சயா?"

"ஊர்வலம் வாசலுக்கு வந்தா யாரு காகிதம் கேப்பாங்க? ரபாடே" என்று கோப்பையில் தேநீர் ஊற்றினார்.

சாயங்காலம் நேராகப் போட்டாதாங் போனேன். எங்கள் இலாகாவுக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டு, அதைப் பார்த்துக்கொண்டவர் காதர் பாய். அவர் பாட்டனார் காயல்பட்டினத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பாய்க்கு என்னைவிட வயது குறைவு, சந்தேகம் மட்டும் சரிசமம்.

"பாய், பேனல் கம்பெனி யாருது? ஊ சிட் கோவுக்கு மச்சான், மாமன் எவனாச்சும் உள்ள இருக்கானா?"

"இல்லக்கா. விசாரிச்சிட்டேன்."

"நான் கேக்கறதுக்கு முந்தியேவா?"

"அந்த மனுசன் நேத்து இங்க வந்து, சும்மா வந்தேன்னு சொல்லி டீ குடிச்சிட்டுப் போறாரு. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அதான் விசாரிச்சேன்."

ஊர்வல விஷயத்தைச் சொன்னேன். பாயின் முகம் சுண்டிப்போனது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, பொங்கியாரு வாசல்ல வந்து நின்னா நான் கதவ தொறக்காம இருக்க முடியுமா? என் பேரு என்ன? இந்த ஊரு இப்ப இருக்கற இருப்புல, காதருன்னு ஒருத்தன் தானத்த மறிச்சான்னு ஒரு வார்த்த வெளிய போனா, கிடங்கு மிஞ்சுமா? என் புள்ளைங்க மிஞ்சுமா?"

"தொறந்துட்டா?"

"உத்தரவில்லாம தொறந்தேன்னு நாளைக்குப் புது ஆளுங்க வந்து உரிமத்தப் புடுங்குவாங்க. தொறந்தாலும் போச்சு, தொறக்காட்டியும் போச்சு."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. சாவி காதர் பாயுடையது. கையெழுத்து என்னுடையது. ஊ சிட் கோ பெயர் எங்கேயும் இல்லை. மாட்டினால் இரண்டு கலாக்கள் மாட்டுவார்கள். இந்தியாவிலிருந்து வந்த எங்கள் பக்கத்து ஆட்களைக் கேவலமாகச் சொல்லப் பர்மாக்காரர்கள் வைத்திருக்கும் வார்த்தை அது. அவர் சன்னமான குரலில் ரபாடே சொல்லிக்கொண்டு பென்ஷன் வாங்குவார். எனக்கோ ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு வீட்டில் என் ஒரு சம்பளம். பென்ஷன் போனால் தெருதான்.

"மாட்டேன்னு சொல்லிருங்க அக்கா. உங்க கையெழுத்து இல்லாட்டி ஆட்டமே இல்ல" என்றார் பாய்.

சொல்லியிருக்கலாம். பல்தடம் விடவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. காளி கோயிலில் போய் உட்கார்ந்தேன். ஆத்தாளும் வாயைத் திறக்கவில்லை. எழுத்தில் உத்தரவு கேட்டால் ஊ சிட் கோ தரமாட்டார், அவரும் தியான மடத்துக்குக் கிளம்பிவிடுவார். காகிதத்தில் அவரைக் கட்ட முடியாது. சரி, வேறு எதில் கட்டலாம்?

இந்த ஊரில் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டு அது எனக்குத் தெரியாமல் போகுமா? நீர் ஊற்றும் சடங்கில் தானம் கொடுப்பவர் தன் பெயரைப் பொங்கியார் முன்னால் சொல்ல வேண்டும். பிறகு செம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் நீரை விட வேண்டும். அந்த நீரை மண்ணில் ஊற்றினால் பூமித்தாய் சாட்சி. கையெழுத்தை என்னுடையதில்லை என்று சொன்னவர்களை என் சர்வீசில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஊற்றிய நீரை ஊற்றவில்லை என்று சொன்ன பர்மாக்காரரை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். "சான்று போடறேன் சயா. ஆனா நீங்கதான் நீர் ஊத்தணும். உங்க பேரைச் சொல்லி, உங்க கையால."

ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் மேசையில் சிந்தியது. "எனக்கெதுக்கு? ஆஸ்பத்திரி உங்க உழைப்பு. அந்தப் புண்ணியம் உங்களுக்கே சேரட்டும்."

"நான் காளிய கும்பிடறவ சயா. என் கையால ஊத்தினா உங்க பூமித்தாய்க்கு அடையாளம் தெரியாது."

"மா நுவே ஊத்தலாமே?"

"வாங்கிக்கறவ எப்படிக் குடுப்பா?"

வலது தோளில் வலி, கை தூக்க முடியவில்லை என்றார். செம்பு லேசானதுதான் என்றேன். கடைசியில் வந்தது 'ரபாடே'. எந்த ரபாடே என்று எனக்குப் பிடிபடவில்லை.

தானத்தன்று காலை போட்டாதாங் கிடங்கு வாசலில் டோபாட் மேளம் கேட்டது. பெரிய பொங்கியார் குடை நிழலில் வந்து நின்றார். காதர் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. ஸ்ட்ராண்ட் சாலையில் வண்டிகள் போகும்போது டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள், போலீஸ்காரர் கார்களை நிறுத்தி வழிவிட்டார். ஊ சிட் கோவைக் காணவில்லை. நேரே துறைக்கு வருகிறார் என்று டிரைவர் சொன்னான். துறையிலும் இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆள் நழுவிவிட்டார் என்று. படகில் ஏறும்போது பையிலிருந்த பேனாவை எடுத்துக் கூட வந்த காதர் பாய் கையில் கொடுத்தேன். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் பாய். அவரு வராட்டி இன்னைக்கு நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அக்கரையில் பாய் விரித்து, வாழைப்பழமும் தேங்காயும் வைத்து, ஊரே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் ஊ சிட் கோ, பக்கத்தில் அவர் மனைவி. முதல் படகிலேயே வந்துவிட்டாராம். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு வெட்கமாக இல்லை, இன்னும் நீர் ஊற்றவில்லையே.

பொங்கியார் ஓத ஆரம்பித்தார். செம்பு ஊ சிட் கோவிடம் வந்தது. மனைவியிடம் நீட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் நின்றது மரியாதைக்கேடு, பின்னால் முணுமுணுத்தார்கள். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முழுப் பெயரையும் பதவியையும் சொன்னார். சொட்டுச் சொட்டாக நீர் விட்டார். கூட்டம் முழுவதும் நன்று, நன்று என்கிற பொருளில் 'தாது, தாது, தாது' என்று குரல் கொடுத்தது. பிறகு எழுந்துபோய்க் கிண்ணத்து நீரை வேப்பமரத்தடி மண்ணில் கவிழ்த்தார். நான் காதர் பாயிடம் கையை நீட்டிப் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பேனல் ஏறியது. விளக்கு எரிந்தது. மா நுவே சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து, கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கண்ணால் பார்த்துச் சான்று போட்டேன். மார்ச் முடியுமுன் பணம் அவிழ்ந்தது.

சித்திரைப் புத்தாண்டுக்குத் தெருவெல்லாம் ஊற்றிய திருவிழாத் தண்ணீர் காய்ந்து, புது ஆட்கள் உட்கார்ந்ததும் விசாரணை வந்தது. யார் எழுதிப்போட்டார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, இடுப்புவலிக்காரர் மேல் ஒரு சந்தேகம் உண்டு. நேப்பிடோவிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்தார். மேசைக்கு எதிரே ஊ சிட் கோ, நான், காதர் பாய்.

"உத்தரவு இல்லாம கிடங்கைத் தொறந்தது யாரு?"

"நான்" என்றார் காதர் பாய். குரல் எழும்பவில்லை.

"யாரு சொல்லித் தொறந்தீங்க? சரிபார்ப்பு அதிகாரி சொல்லியா?"

ஊ சிட் கோ வாயைத் திறந்தார், மூடினார். அந்த அம்மாள் என் பெயரையும் பாய் பெயரையும் எழுதிக்கொள்ளக் குனிந்தார். என் பென்ஷன் அந்தப் பேனா முனையில் இருந்தது. கூப்பிடாத தெய்வம் இல்லை.

"நான் சொல்லித்தான்" என்றது சன்னமான குரல். "அலூ என்னோடது. நான்தான் நீர் ஊத்தினேன். இவங்க ரெண்டு பேரும் நான் சொன்னதச் செஞ்சாங்க."

அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தானமாகக் கொடுத்ததைப் பற்றி மேற்கொண்டு என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை. பேனலைத் தொடவில்லை. என்னையும் பாயையும் தொடவில்லை. ஊ சிட் கோவை மட்டும் பதவி இறக்கி, எங்கோ எல்லையோரம் இருக்கிற சின் மலைப்பக்கம் மாற்றினார்கள். இயக்குநராக ஓய்வு பெற வேண்டியவர்.

வழியனுப்ப ஆபீசிலிருந்து யாரும் போகவில்லை. போனால் பெயர் கெட்டுவிடுமே. நான் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். கலே ஊர் வரை போகும் பஸ், அதற்கு மேல் மலை ஏற வேண்டும். ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாக நின்றார்.

அவரே கேட்டார். "அன்னைக்கு நான் வரமாட்டேன்னு நெனச்சீங்க, இல்ல?"

"ஆமா சயா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பாதி வழியில ரெண்டு தடவ படகத் திருப்பச் சொன்னேன். என் சம்சாரம் விடல." சாதப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அந்த அம்மா கேட்டப்ப, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இருபது வருசமா வாயில இருந்த வார்த்த, தானா வந்துச்சு. அப்புறம் நீர் ஊத்தினது ஞாபகம் வந்துருச்சு. முடியல."

அவர் பெட்டியைப் பஸ் படியருகே இழுத்து வைத்தேன்.

"நீங்க என்னை நம்பியிருந்தா, டோ கின் மே, உங்களை மாட்டிவிட்டிருப்பேன்" என்றார். "நம்பாததுக்கு நன்றி."

டிரைவர் ஹார்ன் அடித்தான். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.